இரவல் போன கேமராவும் வைலேவா தீவுப் படகும்

அனுப்புநர்:
எபராமா நைசோரோ,
உரிமையாளர், ஒளிப்பதிவாளர், கூட்டிப் பெருக்குபவர்,
நைசோரோ வீடியோ நிறுவனம்,
ஆற்றங்கரைத் தெரு, லம்பாசா, ஃபிஜி.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
லம்பாசா.

பொருள்: இரவல் போன கேமராவில் உள்ள படப்பதிவை மீட்டுத் தரக் கோருதல் (எதிராளி பெரும்பாலும் நானே).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிறுவனத்தை நான் நடத்தி வருகிறேன். 'நடத்தி' என்பது மரியாதைக்காக எழுதியது. கல்யாணம், கடை விளம்பரம் எடுப்பேன். ஆனால் தேவாலயக் கூரை நிதி, ரத்ததான முகாம் என்று தர்மத்துக்கு எடுப்பதே அதிகம். "ஊருக்கெல்லாம் படம் புடிக்கிற, நம்ம கல்யாண வீடியோ இன்னும் கேக் வெட்டுற எடத்துலயே நிக்குது" என்று மனைவி சலோட்டே சொல்வது குற்றச்சாட்டல்ல, தகவல்.

2. வைலேவா தீவு மருத்துவ நிலையத்தின் படகு பழுதாகிவிட்டது. போன மாதம் நடுக்கடலில் எஞ்சின் நின்று, அகிசி என்ற பெண்ணுக்குப் படகிலேயே பிரசவம் ஆனது. தாயும் பிள்ளையும் பிழைத்தது நர்ஸ் மெரெயோனியின் கைராசி. லம்பாசா மருத்துவமனையில் இருந்தபோது அகிசி அதைத் தன் வாயால் சொல்ல, நான் பதிவு செய்தேன். புதுப் படகுக்கு உதவ தலைநகர் சுவாவிலிருந்து வருபவர்களுக்கு, வரும் சனிக்கிழமை நகர மண்டபத்தில் அதைக் காட்ட வேண்டும்.

3. அதற்குள் என் மச்சான் அபிசாய் வந்தார். "மச்சான், கெரெகெரெ! கேமரா சும்மாதானே தூங்குது? நம்ம பசங்க ரக்பி ஆடுறதப் புடிச்சிட்டுத் தந்துடறேன்" என்றார். கெரெகெரெ என்று உறவின் உரிமையில் ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டபின் இல்லை என்பது நம்மிடையே எவ்வளவு கேவலம் என்பது தாங்கள் அறியாததல்ல. கொடுத்தேன். அகிசியின் பதிவு உள்ள மெமரி கார்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். அவரிடம் தேவாலயப் பாடகர் குழு கெரெகெரெ கேட்டது. அவரும் கொடுத்தார்.

4. அக்குழுவிடம் திருப்பிக் கேட்க, வழக்கப்படி மரியாதைக்குத் தரும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கம்பீரமாகப் போனேன். கரைத்துக் குடித்தோம். பாடினார்கள், நன்றாகவே இருந்தது. குழுத் தலைவர் என் தோளில் கைபோட்டு, "நல்ல கேமராதான்யா. ஆனா நிக்கக் கால் இல்லாம அத வெச்சு நாங்க என்ன பண்றது?" என்றார். கேமராவைக் கேட்கப் போனவன், மறுநாள் அதை நிறுத்தும் முக்காலியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

5. தீவுக்குப் போய் அகிசியை மீண்டும் எடுக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போவதற்குப் படகு இல்லை என்பதுதானே ஐயா, படமே. நேற்று நர்ஸ் தொலைபேசியில், "அண்ணே, இன்னும் ரெண்டு பேரு மாசமா இருக்காங்க. படம் ரெடிதானே?" என்றார். "ரெடிதாம்மா" என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்லும் பழக்கம்தான் எனக்கு இல்லையே.

எனவே, தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கார்டை மட்டும் வாங்கித் தர வேண்டுகிறேன். கேமரா அவர்களிடமே இருக்கட்டும், அடுத்த வாரம் ஏதோ திருவிழாவாம். அலுவலருக்கு வழிகாட்ட மட்டும் தயவுசெய்து என்னை உடன் அனுப்ப வேண்டாம். என்னிடம் இன்னும் இரண்டு படப்பிடிப்பு விளக்குகள் மிச்சம் இருக்கின்றன.

இடம்: லம்பாசா
நாள்: ஆகஸ்ட் 14, புதன்கிழமை

முதன்முறையாகத் தானே ஒன்றைக் கேட்கும்,
(ஒப்பம்) எ. நைசோரோ