நாங்களா, நாமா?

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ கடிதம் எழுதி ஒரு மாதமாகிறது. அங்கே பேனா அவ்வளவு விலையா?

மாதக் கடைசியில் இயக்குநர் கூட்டம். பிஸ்கட் கம்பெனிக்குப் புதிய நிர்வாக இயக்குநரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இத்தனை வருடம் தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்தியவள் நம் உற்பத்தி மேலாளர்தான். அவள் செய்த ஒரே குற்றம், நம் தமிழினத்தில் பிறந்தது. தலைவரோ தம் அக்கா மகனைக் கொண்டுவரப் பார்க்கிறார். அவனுக்கு உப்பா சர்க்கரையா என்பது வாயில் போட்டால்தான் தெரியும்.

உன் அப்பா விட்டுப்போன இயக்குநர் நாற்காலியில் எனக்கு இதுவரை தேநீர் கொடுத்திருக்கிறார்கள், கருத்துக் கேட்டதில்லை. இம்முறை கேட்காமலே சொல்வதாக இருக்கிறேன்.

அம்மா

பிப்ரவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அங்கே வேலை பார்த்து வெளியேறியவள்தானே. அந்த மேசையைச் சுற்றி நமக்கு நாற்காலி உண்டு, நாக்குதான் கிடையாது. எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள் என்று ஆண்டறிக்கைப் படத்தில் காட்ட நீங்கள் வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதில் எதற்கு அவமானம்? உங்கள் கம்பெனி எக்கேடோ கெட்டுப் போகட்டும். ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 1

அன்பு மகளுக்கு,

கூட்டம் வழக்கம்போல் தலைவர் இனத்தாரின் மொழியில்தான் நடந்தது. முடிவில் தலைவர் என் பக்கம் திரும்பி, மரியாதைக்காக, உன் அப்பாவிடம் கற்ற தமிழில் சொன்னார்: "அம்மா, நாங்க என் அக்கா பையனை முடிவு பண்ணிட்டோம்."

கான்வென்டில் இலக்கணத்துக்காக அடி வாங்கிய கை சும்மா இருக்குமா?

"'நாங்க'ன்னா அதுல நான் இல்லைன்னு அர்த்தம். என்னையும் சேர்த்துன்னா 'நாம'ன்னு சொல்லணும். 'நாம'ன்னா, நான் இன்னும் முடிவு பண்ணலையே" என்றேன்.

அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அவர் விழித்தார். மற்றவர்கள் என்னவென்று கேட்க, அவர்கள் மொழியிலேயே விளக்கினேன். இன்னொரு இயக்குநரான வங்கிக்காரர் சிரித்தார். சிரிப்பு நின்றதும், அப்படிப் பார்த்தால் தம்மையும் யாரும் கேட்கவில்லையே என்றார். பக்கத்திலிருந்த வக்கீல் அம்மாளும் தம்மைக் கேட்கவில்லை என்றார். இருவரும் தலைவரின் இனத்தாரே. அந்த 'நாங்க' என்பது மாமனும் மருமகனும் மட்டும்தான் என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று.

கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்றேன். இருந்ததே நான்கு பேர். தொழிற்சாலையை நடத்துவது யாரென்று தெரிந்த அவர்கள் இருவரும் நானும் மேலாளருக்காகத் தூக்கினோம். கடைசியில் தலைவரும் தூக்கினார்.

சேதி கேட்டதும் புதிய நிர்வாக இயக்குநர் தொலைபேசியில் அழுதாள். அழுது முடித்த கையோடு இரண்டாம் அடுப்பின் பழுதைப் பற்றி என்னிடம் முறையிட்டாள்.

வாசலில் எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்ட தலைவர் தயங்கினார். "நாம நல்ல ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம். சரியாச் சொன்னேனா?"

முழு மதிப்பெண் கொடுத்தேன்.

ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை, சந்திப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். உன் கடிதமும் கூடவே வருகிறது. அதில் 'உங்கள் கம்பெனி' என்ற இடத்தை அடித்து 'நம் கம்பெனி' என்று எழுதியிருக்கிறேன், பார்.

உன் அம்மா