'காலி இடம்' என்று நான் படித்த பிற்பகல்

மச்சான்,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோடு போட்ட தாளில் எழுதியும் என் வரிகள் மேடேறி இறங்குகின்றன. 'ழ' வரும்போதெல்லாம் பேனா எங்கேயோ போய் நின்றுவிடுகிறது. ரப்பர்ப் பால்மரம் வெட்டும் கத்தியும், பிறகு செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் பிடித்த கை இது. பேனா பிடித்தது எழுபது வயதுக்கு மேல்தான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆனாலும் எழுத முடிகிறதே என்ற சந்தோஷம் இன்னும் பழசாகவில்லை. சோப்பு உறையைக்கூட விடாமல் படிக்கிறேன்.

இன்று கோயில் மண்டபத்துப் பின்னறையில் சர்வர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன், தூசி தட்டுவதற்காக. சூடேறிய தூசியின் வாசனையோடு சந்தன வாசனையும் வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. உன்னோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிற்பகலின் பயம் மறுபடியும் வந்தது. அதனால்தான் தட்டுவதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நம் தோட்டத்தில் கேமரா வைத்திருந்தவன் நீ ஒருவன்தான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, தீமிதி எல்லாவற்றுக்கும் நீதான் வந்து நிற்பாய். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்து, ஆளுக்கொரு திசையாகச் சனங்கள் போனபோது, படங்களை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வைத்தாய். கெர்லிங்கில் இருப்பவனும் சபாக்கில் இருப்பவளும் தங்கள் கைப்பேசியிலேயே அப்பா அம்மா முகத்தைப் பார்க்கட்டும் என்று இந்தச் சர்வரை வைத்தாய். மண்டபத்தைப் பெருக்கும் லெட்சுமி அக்கா அது என்னவென்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அன்னதானத்துல சட்டிக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிப்பான்ல அக்கா? கேக்கிறவனுக்கு எடுத்துப் போடுவான். இதுவும் அப்படித்தான். இதுக்குள்ள சோறு இல்ல, படம்."

"அந்த ஆளு நல்ல துண்டா தனக்கு எடுத்து ஒதுக்கி வச்சிக்குவானே, இது அப்படிச் செய்யாதா?" என்று அக்கா கேட்டாள்.

"செய்யாது. அதனாலதான் மனுசன வைக்காம இத வச்சிருக்கேன்."

பிறகு ஒருநாள் மழையில் இடி விழுந்தது. பெட்டி செத்தது. படங்களின் நகலை வைத்திருந்த இன்னொரு டிஸ்கும் அதே மின்செருகியில் மாட்டியிருந்ததால் அதுவும் செத்தது. நீ தலையில் அடித்துக்கொண்டாய். பெட்டியிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்திருக்கும் என்றாய். தப்பித்ததா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதில்தான் உன் தங்கையின் படம் இருந்தது. என் மனைவியின் முகம் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. படமெடுக்க அவள் யாருக்கும் நின்றதில்லை.

ராவாங்கில் நீ முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை வாங்கி வந்தாய். அதற்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. நம் பழைய டிஸ்கும் முன்பு அங்கிருந்து வந்ததுதான். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள். உன் திட்டம் எளிமையானது. தொழிற்சாலை டிஸ்கில் இருப்பதை அழித்துத் துடைத்து அதில் புதிய இயங்குதளத்தைப் போடுவது. படம் இருக்கும் டிஸ்கை அதுவரை கழற்றி வைப்பது. பிறகு மாட்டிக்கொள்வது.

அதற்குள் சர்க்கரை உன் கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. "வெளிச்சம் தெரியுது மாப்ள, எழுத்து தெரியல" என்றாய். வேலை தெரிந்த உனக்குக் கண் இல்லை, கண் இருந்த எனக்கு வேலை தெரியாது. உன் தங்கை இருந்தவரை மருந்துச் சீட்டிலிருந்து பேருந்துப் பலகைவரை அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். அவள் போன பிறகுதான் மண்டபத்தில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்து நான் எழுத்துக் கற்றேன். தமிழ் மட்டும்தான் தெரியும். "அது போதும், இதுல தமிழும் வரும்" என்று என்னைக் கூட்டிப் போனாய்.

எனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று, படம் இருக்கும் டிஸ்கில் சந்தனமும் குங்குமமும் வைத்து, தொழிற்சாலை டிஸ்கையும் கழற்றி, இரண்டையும் மேசைமேல் வைத்திருந்தாய். நடுவில் ஆயுத பூசை வந்தது. அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பூசை முடிந்து நாம் போய்ப் பார்த்தபோது கடப்பாறை, சமையல் சட்டி, மைக் செட், பெருக்குமாறு எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. நான் மேசையைப் பார்த்தேன்.

"மச்சான், ரெண்டுலயும் பொட்டு இருக்கு."

அக்காவைக் கூப்பிட்டோம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா, நான்தான் வச்சேன். ஒண்ணுக்கு வச்சி இன்னொண்ணுக்கு வைக்காம விட்டா அது கோவிச்சுக்காதா? பழைய பொட்டு காஞ்சு உதிர்ந்து கிடந்துச்சு. அதையும் தொடச்சிட்டு நல்லதா வச்சேன்."

"அக்கா, அதுல மூச்சு விடுற ஓட்டை ஒண்ணு இருக்கும். அதுமேல பூசிட்டீங்களா?" என்று கேட்டாய்.

"மூச்சு விடுமா அது?" என்று அவள் இரண்டடி பின்னால் போனாள்.

ஓட்டை தப்பித்திருந்தது. ஆனால் எது எது என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் வழியில்லை. வேறொரு நாள் இந்த வேலை தெரிந்தவர் ஒருவரை வரச் சொல்லலாம் என்றேன். அடுத்த வாரம் நீ ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது. "போய்ட்டு வருவனான்னு தெரியல. இன்னிக்கே பாத்துடுவோம்" என்றாய். இரண்டையும் மாட்டினாய். "திரையே சொல்லட்டும். நீ ஒரு எழுத்து விடாம படி. படிக்காம எதையும் அமுக்காத."

புதிய இயங்குதளத்தை விரலி என்கிற ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தாய். அதைச் செருகியதும் திரையில் மொழிகளின் பட்டியல் வந்தது. எனக்குப் புரியாத கோடுகளும் வளைவுகளும் ஓடின. அவற்றுக்கு நடுவில் 'தமிழ்' என்று ஒரு வரி.

"மச்சான்! நம்ம எழுத்து!"

"கத்தாத லா. அதத் தேர்ந்தெடு."

அந்த ஒரு நிமிடம்தான் நான் சந்தோஷமாக இருந்தேன். பிறகு அது கேள்வி கேட்கத் தொடங்கியது. எந்த நாடு, எந்த விசைப்பலகை, பெட்டிக்கு என்ன பெயர், கடவுச்சொல் என்ன. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், நீ விசைகளைத் தடவித் தட்டினாய். "கடவுச்சொல்லா? அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றாய். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஆங்கிலம் எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பினேன்.

அதன் பிறகு ஹார்ட் டிஸ்க் பகுதி வந்தது. டிஸ்குக்கு ஒன்றாக இரண்டு வரிசை. ஒன்றின் கீழே துண்டு துண்டாகச் சில வரிகள் இருந்தன. மற்றதன் கீழே ஒரே வரி. அதைப் படித்தேன்.

"கா... லி... காலி இடம்."

"சரியாப் படி."

"காலி இடம்தான் மச்சான்."

காலியாக இருப்பதுதான் தொழிற்சாலை டிஸ்க், அவர்கள் துடைத்துத்தான் கொடுப்பார்கள் என்றாய். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் உன் முகம் மாறவில்லை.

"இடி விழுந்த டிஸ்க்கும் காலின்னு காட்டும் மாப்ள. உள்ள எல்லாம் இருந்தும், இல்லன்னு காட்டும். தொழிற்சாலைக்காரன் துடைக்க மறந்திருந்தா அவன் சாமான் துண்டு துண்டா இருக்கும்."

அன்று உண்மையாகவே பயந்தேன். தோட்டத்தில் நல்லபாம்பைக் கண்டிருக்கிறேன், மரத்திலிருந்து விழுந்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஓடவோ கத்தவோ முடிந்தது. இங்கே எல்லாம் அமைதியாக இருந்தது. திரை பொறுமையாகக் காத்திருந்தது. நான் படித்த ஒரு சொல்லில் அவள் முகம் இருந்தது. படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். தெரியாதவனிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

துண்டுகளின் பக்கத்தில் இருக்கும் எண்களைப் படிக்கச் சொன்னாய். எண் எனக்கு எப்போதும் தெரியும். பால் நிறுக்கிற இடத்தில் கணக்கெழுதும் கிராணி குறிக்கும் எடையை எட்டிப் பார்த்தே பழகியவன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். முதலில் சின்னது, அடுத்து நடுத்தரம், கடைசியில் பெரியது. பழைய டிஸ்கை நீ உன் கையாலேயே அப்படித்தான் பிரித்திருந்தாய்.

"இது நான் வெட்டின துண்டுதான்" என்றாய். கொஞ்சம் கழித்து, "அப்படித்தான் நினைக்கிறேன்" என்றும் சொன்னாய். அந்த இரண்டாவது வாக்கியத்தை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காலி இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். கடைசிக் கேள்வி வந்தது. இந்த வட்டில், அதாவது டிஸ்கில், உள்ள எல்லாம் அழியும், மாற்றங்களை எழுதட்டுமா என்று கேட்டது. கீழே 'ஆம்', 'இல்லை'.

"நீங்க அமுக்குங்க மச்சான்" என்றேன். உன்னை நான் பன்மையில் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். நீயும் கவனித்துச் சிரித்தாய்.

"மாட்டேன். நான் அமுக்கி அவ போயிட்டா எனக்குத் தாங்காது. நீ அமுக்கிப் போனா உன்னத் திட்டியாச்சும் ஆத்திக்குவேன்."

வாசலில் நின்ற அக்கா, "யார் அமுக்கினாலும் சாமிய நெனச்சிக்கிட்டு அமுக்குங்க. எனக்கு மண்டபத்தப் பூட்டணும்" என்றாள்.

அமுக்கினேன்.

ஒரு நீலக்கோடு மெதுவாக நிரம்பியது. அக்கா கொண்டுவந்த தேநீர் ஆறிப்போனது. பெட்டி அணைந்து மறுபடி எரிந்தது. நீ கருப்புத் திரையில் தட்டிக்கொண்டே இருந்தாய். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் நான் அதன் வடிவத்தைச் சொல்ல, நீ ஊகித்து அடுத்ததைத் தட்டினாய். கடைசியில் உன் கைப்பேசியை என்னிடம் கொடுத்தாய். படங்கள் வரிசையாக வந்தன. நான் கீழே தள்ளிக்கொண்டே போனேன். திடீரென்று அவள் வந்தாள்.

"இருக்கா?"

நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, இருக்கா? டேய், சொல்லு லா!"

நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய். உன் கை காற்றில் என்னைத் தேடியது. உன் குரலில் அவ்வளவு பயத்தை நான் கேட்டதே இல்லை.

"இருக்கா மச்சான்."

நீ உட்கார்ந்தாய். "எப்படி இருக்கா, சொல்லு" என்றாய். கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகை, மடியில் தேங்காய்த் துருவி, ஒரு கை உன்னைத் தடுக்கிறது, வாய் திறந்திருக்கிறது, உன்னைத் திட்டுகிறாள் என்றேன்.

"என்ன சொல்லித் திட்டினா தெரியுமா? 'வேல வெட்டி இல்லாதவனே, வந்து ரெண்டு தேங்கா ஒட'ன்னா." சிரித்தாய். பிறகு, "நான் பாக்கப் போறதில்ல. ஆனா இருக்கணும்ல" என்றாய்.

ஆஸ்பத்திரிக்குப் போனாய். நீ வரவில்லை.

மச்சான், இப்போது அந்த இயங்குதளத்துக்கு வயதாகிவிட்டது. இனி பாதுகாப்பு வராது, புதியதைப் போடு என்று திரையில் எழுதி வருகிறது. அதை நானே படித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடவுச்சொல்லை, எந்த வரிசையில் எத்தனையாவது விசை என்று எண்ணால் நீ எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தாய், அது இருக்கிறது. "ஒரே கூரைக்குக் கீழ இருந்தா அது நகல் இல்ல" என்று நீ சொன்னதால் ஒரு நகலை என் வீட்டிலும் இன்னொன்றைப் பத்தாங் காலியில் உன் மகள் வீட்டிலும் வைத்திருக்கிறேன். அப்படியும் பயம் போகவில்லை. வரிசையில் இப்போது உன் படமும் இருக்கிறது. என் கைப்பேசியில் நான் எடுத்தது. உனக்குத் தெரிந்திருந்தால் கோணலாக இருக்கிறதென்று ஏசியிருப்பாய்.

நீ எனக்கு விட்டுப்போனது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அதை விட எனக்கு மனமில்லை. அது இருப்பதால்தான் ஒரு வரியையும் தாண்டாமல் படிக்கிறேன்.

நாளைக் காலை போடப் போகிறேன். எப்படி முடிந்தாலும், நல்லதோ கெட்டதோ, அடுத்த வாரம் இதே தாளில் உனக்கு எழுதிவிடுவேன். ஒவ்வொரு கேள்வியையும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் படிப்பேன். யாரிடம் பேசுகிறாய் என்று லெட்சுமி அக்கா வாசலிலிருந்து கேட்பாள். உன்னிடம் என்று சொல்லமாட்டேன். அவளும் பயந்துவிட்டால் அந்த அறையில் என்னோடு நிற்க யாரும் இருக்கமாட்டார்கள்.