வசூலுக்கு வரும் மாப்பிள்ளைகள்

கடலூர் முதுநகர்
24.8.2012

அன்பு மகள் மாலதிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

முதலில் முக்கியமான செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கூட்டம் காலை பத்து மணிக்குக் கூடியது. பகல் இரண்டு மணி வரை விவாதித்து, வசூல் வேலையாக வரும் மாப்பிள்ளைகளுக்கு மீன் குழம்பு ஊற்றலாம், வறுவல் வைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. காத்தவராயன் மாமா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: பெண்டாட்டியையும் கூட்டி வந்தால் வறுவல் உண்டு. அதையும் ஏற்றுக்கொண்டார்கள். மீனவர் சங்கத்தில் இருபது வருடம் எழுத்தராக இருந்தவன் என்பதால் தீர்மானத்தை நானே எழுதினேன்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சுனாமிக்குப் பிறகு நான் உட்பட ஊரே அரசுக் கடன் கழகத்தில் படகுக் கடன் வாங்கியது. போன டிசம்பர் புயலில் படகுகள் போய்விட்டன. கடன் புயலில் சேதமடையவில்லை என்று கழகம் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியது. அதிகாரிகள் ஜீப்பில் வரும்போதெல்லாம் ஆண்கள் அத்தனை பேரும் கடலுக்குப் போயிருந்தார்கள், படகு இல்லாதவர்கள் உட்பட. கடைசியில் வசூலை மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஏஜென்சி முதலில் வெளியூர்த் தடியர்களை மோட்டார் சைக்கிளில் அனுப்பியது. நம் பெண்கள் அவர்களைச் சூழ்ந்து உட்கார்ந்து குடும்பக் கதைகளைச் சொன்னார்கள். இரண்டாம் நாள் அவர்கள் வரவில்லை. ஏஜென்சி மேனேஜர் படித்தவர். யார் வந்தாலும் கதவைச் சாத்தும் இந்த ஊரில் மாப்பிள்ளைக்கு மட்டும் சாத்த முடியாது, சோறு போடாமல் அனுப்பவும் முடியாது என்பதை அவர் கண்டுபிடித்தார். நம் ஊரில் பெண் எடுத்தவர்களாகப் பார்த்து ஆறு பேரை வேலைக்கு வைத்தார். செல்போன் கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்த உன் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். டை கட்டும் வேலை என்று நீ போனில் சந்தோஷமாகச் சொன்னாய். நீயாகப் போனில் பேசியது அதுதான் கடைசி. இப்போதெல்லாம் உன் போனை மாப்பிள்ளைதான் எடுக்கிறார். மாலதி குளிக்கிறாள் என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மாலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

தீர்மானம் எழுதி இரண்டாம் நாள் மாப்பிள்ளை வந்தார். தனியாகத்தான் வந்தார். உன் அம்மா வறுவல் வைத்தாள். கை கழுவிய பிறகு பையிலிருந்து ஃபைலை எடுத்து என் பெயரையும் என் அப்பா பெயரையும் சத்தமாகப் படித்தார். பிறகு, “தப்பா எடுத்துக்காதீங்க மாமா, வேற எவனாச்சும் வந்தா தெருவுல நின்னு கத்துவான், அதான் நானே வந்துட்டேன்” என்றார். என் பெயரில் முப்பதாயிரம் ரூபாய் வரவு வைத்த ரசீதையும் கொடுத்தார். நான் கட்டவில்லையே என்று கேட்டேன். “டார்கெட்டுக்கு இடிச்சுது மாமா, குடும்பத்துக்குள்ள என்னா கணக்கு” என்றார். மீதியை மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால், “மாலதிய கொஞ்ச நாளைக்கு இங்க கொண்டாந்து வுட்டுடுறேன்” என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

ஆனித் திருமஞ்சனத்தன்று சிதம்பரம் கீழ வீதிக் கூட்டத்தில் உன்னைத் தூரத்திலிருந்து பார்த்ததாக அம்மா சொன்னாள். கழுத்தில் நாங்கள் போட்ட சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்ததாம். கூட்டத்தில் சரியாகத் தெரிந்திருக்காது என்று அன்றைக்குச் சொன்னேன். ரசீதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அதில் திருமஞ்சனத்துக்கு முந்தின வாரத்து ஜூன் தேதி போட்டிருக்கிறது.

காத்தவராயன் மாமா மகள் மகேஸ்வரி ஆடிக்கு வந்தவள், ஆவணி பிறந்தும் இங்கேயே இருக்கிறாள். அவள் புருஷனும் ஏஜென்சிதான். தவணை கட்டினால் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். அவள் நன்றாக இருக்கிறாள். அவள் அம்மாவிடம் சண்டை போடுகிறாள், கருவாடு காயவைக்கிறாள். இரண்டு நாளாகச் சிரிக்கவும் செய்கிறாள். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசித்துப் பார்.

அழைக்காமல் உன் புகுந்த வீட்டுப் படியேற எனக்கு முறை இல்லை. போன மாதம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். நேற்று மஞ்சக்குப்பத்துக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். உன் மாமனார் வைத்திலிங்கம் ஆட்டோ வாங்கிய கடனும் அதே கழகத்தில்தான் நிற்கிறது. சொந்த அப்பாவிடம் எந்த மகனாலும் வசூல் செய்ய முடியவில்லை, சம்பந்தியை அனுப்பினால் என்ன என்று அவரே யோசித்துக்கொண்டிருந்தாராம். என் கையெழுத்து அழகாக இருப்பதாகவும் சொன்னார். வேலை கொடுத்துவிட்டார்.

ஆகவே வருகிற புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, அரசுப் பணம் சம்பந்தமாக, உன் வீட்டுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இரு. என்னை யாரும் உட்காரச் சொல்லாவிட்டாலும் நீ வருத்தப்படாதே. நான் உன் மாமனாரிடம் பேசி முடிக்க அரை மணி நேரமாகும். அதற்குள் உன் சான்றிதழ்களையும் நாலு புடவையையும் ஒரு பையில் எடுத்துவைக்க நேரம் போதும். வேண்டாம் என்று நினைத்தால் ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடு, குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உன்னை இங்கே கொண்டுவந்து விடுவேன் என்று மாப்பிள்ளை சொன்னபோது அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் அழுததாக நினைக்காதே. உன் பாயை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும்.

உன் அப்பா,
தங்கராசு

பி.கு.: வேலையில் சேரும் படிவத்தில், கடனாளியின் குடும்பத்தில் உறவினர் யாரும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.