சாதாரணத் தபாலில் போட்ட மனு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையால் இரண்டு வரி எழுதினால்தான் அம்மா நம்புவாள், போனில் "ம்", "சரி" என்று நீ வைத்துவிடுவதையெல்லாம் அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளுக்கு வலது கை இப்போது தோள் வரை தூக்க வருகிறது. பயிற்சி கொடுக்க வரும் பெண் ரப்பர் பந்தைப் பிழியச் சொன்னால், இவள் அதை இடது கைக்கு மாற்றி என் மேல் குறி பார்த்து எறிகிறாள். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறுகிறது, என்னைத் திட்டும்போது மட்டும் எப்படியோ தெளிவாக வந்துவிடுகிறது.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த மத்தியானம் நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன், உன்னோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு வாய் கோணியதைத் திரையில் பார்த்து, அத்தனை தூரத்திலிருந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னவள் நீ. வண்டி வர ஐம்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று, அதற்குள் நானும் வீடு திரும்பியிருந்தேன். ஓட்டுநர் இறங்கும்போதே, முகவரியைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள், சுற்றிக்கொண்டு வந்தோம் என்றார். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்றார் டாக்டர். அந்த ஆத்திரத்தில் சாயங்காலம் உன்னிடம் கேட்டேன், "நீ பழைய நம்பரா சொன்னே, புது நம்பரா?" வீட்டு எண்ணை மாற்றி ஆறு வருஷம்தான் ஆகிறது, நீ பிறந்து வளர்ந்தது பழைய எண்ணில். ஞாபகம் இல்லைப்பா என்றாய். அதற்குப் பிறகு எட்டு மாதமாக நீ எங்களோடு சரியாகப் பேசவில்லை. நான் கேட்டது ஒரே கேள்விதான். ஆனால் ஒரு தபால்காரன் தன் மகளைப் பார்த்து முகவரி தப்பா என்று கேட்டால் அது எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியாதா.

அதனால் ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்குத் தகவல் கேட்டு ஒரு மனு போட்டேன். அன்றைக்கு உன் அழைப்பு வந்த நேரம், அவர்கள் எழுதிக்கொண்ட முகவரி, வண்டி கிளம்பிய நேரம், இவை இருக்கும் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். முப்பது போய் நாற்பத்தைந்து ஆயிற்று, மூச்சே இல்லை. மனுவை டைப் அடித்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரம்மா, பதில் தராமல் இருப்பதும் மறுத்த மாதிரிதான் சார், மேல்முறையீடு போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பதிவுத் தபால் ரசீதைக் கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். முப்பத்து நான்கு வருஷம் கடிதம் கொடுத்தவன், சாதாரணத் தபாலை நம்பாமல் பதிவுத் தபால் போட்டால் சொந்த ஆட்களையே அவமானப்படுத்துவது போல என்று ஒரு வீம்பு எனக்கு. உனக்குத் தெரிந்ததுதான், உன் கல்லூரி விண்ணப்பத்தையே அப்படித்தான் போட்டேன், நீ ஒரு வாரம் அழுதாய். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையை உன் அம்மா பார்த்திருந்தால் ரசித்திருப்பாள்.

மேல்முறையீட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை விசாரணை. மேலதிகாரி ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகத்தான் பேசினார். பதில் தர வேண்டிய அலுவலரோ, முதல் மனு எங்களுக்கு வரவே இல்லை, வந்ததற்கு ஆதாரம் உண்டா என்று ஒரே போடாகப் போட்டார். என்னிடம் என்ன இருக்கிறது. எழுந்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தக் கட்டடத்துக்குப் பதினோரு வருஷம் தபால் கொடுத்தவனே நான்தான். கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபால் நேராக மேஜைக்குப் போகும், சாதாரணத் தபாலை மட்டும் பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒரு கூடையில் போடுவார்கள். அந்தக் கூடை இன்னும் இருக்கிறதா அம்மா என்று கேட்டேன். ஓரமாக நின்ற எழுத்தர் தரையைப் பார்த்தார். கூடை வந்தது, என் காலத்துப் பிரம்புக் கூடை இப்போது பிளாஸ்டிக் ஆகியிருந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம். அதன் நடுவில் என் உறை, பிரிக்காமலே, தேதி முத்திரையோடு. போட்ட மறுநாளே போய்ச் சேர்ந்திருக்கிறது, எங்கள் ஆட்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். மேலதிகாரியே உறையைப் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு, உங்கள் மனைவி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை, ரப்பர் பந்தை என் மேல் எறிகிற கதையைச் சொன்னேன். மூன்று நாளில் நகலைக் கொடுக்கச் சொல்லி அங்கேயே உத்தரவு போட்டார்.

நேற்று வந்தது, ஒரே ஒரு பக்கம். உன் அழைப்பு இரண்டு பத்துக்கு. வண்டி கிளம்பியது இரண்டு ஐம்பத்திரண்டுக்கு, ஓட்டுநர்கள் மாறும் நேரமாம், அடுத்தவர் வந்து சேரவில்லையாம். எங்கேயும் சுற்றவில்லை, நேராகப் பதின்மூன்று நிமிஷத்தில் வந்திருக்கிறார்கள். முகவரி என்ற இடத்தில் புது எண், அடைப்புக்குள் பழைய எண், எதிரே தையல் கடை, நீலக் கதவு, எல்லாம் இருக்கிறது. குறிப்பு என்ற கட்டத்தில் போனை எடுத்தவர் எழுதியிருக்கிறார், "அழைத்தவர் மகள். வெளியூர். முகவரியை இரண்டு முறை தெளிவாகச் சொன்னார்." அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "எம்பொண்ணு சரியாத்தான் சொல்லியிருப்பா. இதுக்கு உங்களுக்குக் காகிதம் வேணுமா?" என்றாள், ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

அவள் கேட்டது நியாயம். அன்று நான் உன்னைக் கேட்டிருக்கக் கூடாது. அப்பாவை மன்னித்துவிடு. அந்த அலுவலகத்தின் மேல் புகார் கொடுப்பதா என்று நீ பேசும்போது மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் அப்பா

மறக்காதே: அந்தப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், வீட்டில் இருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.