உன் பெயரில் இருந்த கடைசி வரி

இன்று காலை தேநீரைக் கையில் எடுக்கும்போதே போன் அதிர்ந்தது. உன் குப்பத்து மீன் ஏலத்தில் அசைவில்லை, சர்வர் மாற்றப்படுகிறது என்று செய்தி. வாய் வைப்பதற்குள் மறுபடி அதே செய்தி. தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்தில் இங்குமங்கும் நடந்தேன். உன் குப்பத்தில் யாரோ இறந்துவிட்டார்கள். நீ போன நாளிலிருந்து அந்தச் செய்திக்கு எனக்கு வேறு அர்த்தம் கிடையாது.

வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை மாடியில் இரண்டு மேசை போட்டு ஆரம்பித்தோமே, நினைவிருக்கிறதா? நீ திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். நான் சாத்தாங்காட்டு இரும்புக்கடைக்காரர் மகள். கோபம் வந்தால் என்னை "இரும்புக்கடை" என்றுதான் கூப்பிடுவாய். கரைக்கு வரும் படகு என்ன மீன் கொண்டு வருகிறது என்று போனில் சொல்ல, கல்மண்டபம் சந்தை வியாபாரிப் பெண்கள் இருந்த இடத்திலேயே ஏலத்தில் விலை கேட்க, அதற்கு ஓர் ஆப். அந்த ஆப்பைக் கன்டெய்னர்கள் என்கிற மென்பொருள் பொட்டலங்களாகக் கட்டி வாடகை சர்வரில் ஓட்டுகிறோம் என்று உன் அம்மாவிடம் சொன்னபோது, "ரோட்ட அடைச்சிகினு லாரி நிக்கறது பத்தாதா, நீங்க வேற கண்டெய்னர் வுடறீங்களா?" என்றார். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது.

முதலில் சர்வர்களை நாமே பார்த்துக்கொண்டோம். ஒன்று படுத்தால் உள்ளே புகுந்து நான் எதையாவது மாற்றுவேன், பிறகு எதை மாற்றினேன் என்று மறந்துவிடுவேன். உனக்கு எரிச்சலாக வரும். "இன்னாடி, கையால நோண்டிகினே கீற? புரோகிராம் கோடுல எழுதி வெய்யி" என்பாய். கடைசியில் அந்தப் பொறுப்பைக் சர்வரை வாடகைக்குத் தரும் கிளவுட் கம்பெனியிடமே விட்டோம். எந்த அளவு சர்வர், குறைந்தது எத்தனை, எப்போது கெட்டுப்போனதாகக் கருத வேண்டும் என்று நாம் எழுதிவைத்தால் போதும். கொண்டுவருவதும் தூக்கி எறிவதும் அவர்கள் பாடு.

கெட்டுப்போனது எப்போது என்பதில்தான் நமக்குள் சண்டை. ஒருநாள் சர்வர் நன்றாக இருக்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, ஏலம் மட்டும் நடக்கவில்லை. வெயிலில் மீன் கெட்டு, வியாபாரிகள் நம் இருவரையும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அன்றைக்கே உட்கார்ந்து நீ ஒரு விதி எழுதினாய்: காலை ஏல வேளையில் சற்று நேரம் யாருமே விலை கேட்கவில்லை என்றால் அந்த சர்வர் செத்துவிட்டது, எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டு வா. நான் தயங்கினேன். "எங்க கரையில காலீல ஒருத்தரும் வெல கேக்கலன்னா உலகமே முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம்டி" என்றாய். மீன்பிடித் தடைக்காலம், புயல் எச்சரிக்கை, அம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் விலக்கு எழுதினாய். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த காலையில் குப்பத்தில் ஒரு படகும் இறங்கவில்லை. சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். உன் தலைமாட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். என் இடுப்பில் போன் நிற்காமல் அதிர்ந்தது. உன் அண்ணன் என்னை வெளியே கூப்பிட்டார்.

"இன்னாமா, போனு அட்ச்சிகினே கீது?"

"ஏலம் வரலன்னு சர்வரை மாத்திக்கிட்டே இருக்குண்ணே. இவ எழுதினதுதான்."

"இன்னிக்கு எவன்மா கடலுக்குப் போவான்?" என்று சொன்னவர், படகுகளைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதார். அதுவரை அவர் அழவில்லை.

உனக்காகக் கரை சும்மா இருந்தது. நீ எழுதிய விதியோ, நல்ல சர்வர்களை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொன்றுகொண்டிருந்தது. எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். எவ்வளவு கெட்டிக்காரி நீ, இது எப்படித் தோன்றாமல் போனது? உன் குப்பத்தில் நீயே சாவாய் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதானே?

மறுநாளே அந்த விதியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கோடில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியவர் பெயர் இருக்கும். நீ போன பிறகு முறைகள் மாறின, சர்வர் அளவுகள் மாறின, நான் திருத்தத் திருத்த உன் வரிகள் ஒவ்வொன்றும் என் பெயருக்கு வந்தன. மிஞ்சியது இந்த ஒன்றுதான். தவறான வரி என்று தெரிந்தும் காலையில் திறப்பேன், உன் பெயரைப் பார்ப்பேன், மூடுவேன்.

இன்று அது முடியாமல் போனது. பக்கத்துக் குப்பமும் இப்போது நம் ஆப்பில்தான் ஏலம் போடுகிறது, அதே சர்வர்களில். உன் விதிக்கு அவர்களைத் தெரியாது, உன் குப்பத்தை மட்டுமே பார்க்கும். அது சர்வரை மாற்ற மாற்ற அவர்கள் ஏலம் பாதியில் அறுந்தது. கல்மண்டபத்திலிருந்து ஒரு வியாபாரி அம்மா கூப்பிட்டார். "இன்னாமா உன் ஆப்பு இப்டி பேஜாரு பண்ணுது? வஞ்சிரம் கெடக்குது, வெல சொன்னா போவ மாட்டேங்குது. மத்தவங்க பொயப்புல ஏம்மா மண்ணள்ளிப் போடற?"

அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? என் தோழியின் பெயர் அந்த வரியில் இருக்கிறது என்றா? நடந்து நடந்து கால் வலித்தது. நீ இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டு நீயே எடுத்திருப்பாய், அதுவும் தெரியும். உட்கார்ந்தேன். வரியை எடுத்தேன். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய நாமே ஒரு பொய் ஏலம் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும்படி எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் குப்பத்து வஞ்சிரம் விலை போனது. உன் பெயர் எங்கேயும் இல்லை. அழுதேன்.

பிறகு உன் அண்ணனைக் கூப்பிட்டேன். வலை பின்னும் பெரியவர் ஒருவர் போய்விட்டாராம். மாலை போட நான் கிளம்ப வேண்டும்.

அலுவலகத்தில் இப்போது புதிதாக நாலு பேர் இருக்கிறார்கள். எந்த விதியை எழுதி வந்தாலும் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன், பைத்தியமோ என்பதுபோல் பார்க்கிறார்கள். அங்கே யாரோ இறந்து, ஊரே வேலையைப் போட்டுவிட்டு அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தால், உன் கோடு அன்றைக்கு என்ன செய்யும்?