மழுங்கிய போல்ட்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே சத்தம். மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது தகரத்தைப் பல்லால் கடித்தது மாதிரி ஒரு கரகரப்பு. பின்னால் வழக்கமான மூன்று பேர், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் — டீச்சர், தையல்காரர், வாயே திறக்காத பெரியவர். அவர்களை வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்: "கிளட்ச்ச முழுசா மிதின்னு எத்தன தடவ சொல்றது?"

முழுசாகத்தான் மிதித்தேன். முட்டி வலி என்று இவர் இந்த வேனை என் கையில் கொடுத்து எட்டு மாதம். பக்கத்து சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து வருகிறார். கட்டின புருஷனா, பரீட்சை வாத்தியாரா?

வீட்டுக்கு வந்து துணியை ஊறவைத்தேன். துவைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

மேட்டில் இரண்டாம் கியர் விழவே இல்லை. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறினோம். பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

கியர் பாக்ஸ் மொத்தமாகப் போவதற்குள் வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். யாரிடமோ பேசியும் விட்டாராம். அடுத்த வாரம் பார்க்க வருகிறார்களாம். "உனக்கு ஓட்ட வரல. அதுல ஒண்ணும் தப்பில்ல."

தப்பில்லையாம்.

பாதி மனசு சரி என்றது. விடியுமுன் எழ வேண்டாம், பெரியவரின் சக்கர நாற்காலியை மடித்துத் தூக்க வேண்டாம். ஆனால் டீச்சரை யார் கூட்டிப் போவார்கள்? ஒரு முறை தவறினாலே கால் வீங்கி, மூச்சு வாங்கும் அவருக்கு.

மார்ச் 7, வெள்ளி

தூங்கி எழுந்தும் அலுப்பு.

மார்ச் 8, சனி

மூன்று பேரையும் டயாலிசிஸுக்கு உள்ளே விட்டுவிட்டு, இவரைக் காத்திருக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டு, மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். நான்கு வண்டி வரிசையில் நின்றதால் அடியில் படுத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கிளட்ச் நன்றாக இருக்கிறதாம், என் கால் மேல் குறையில்லையாம். கியர் பாக்ஸ் எண்ணெய் கெட்டுப்போனால் இப்படித்தான் கத்தும், கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டார். டாஷ்போர்டிலிருந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். போன ஏப்ரலில் மாற்றியதாக இவர் கையெழுத்தில் இருந்தது. எழுத்து கோட்டை விட்டு ஏறி இறங்கியிருந்தது. அவசரத்தில் எழுதியிருப்பார்.

மெக்கானிக் நம்பவில்லை. பத்து நாள் கழித்துத்தான் வண்டியை எடுக்க முடியும் என்றார். நானே மாற்றிக்கொள்ளட்டுமா என்றேன். சிரிக்கவில்லை அவர். அதுவே பெரிய விஷயம். "கொஞ்ச தூரம் ஓட்டி எண்ணெய சூடாக்கிக்குங்க அக்கா. சமமான தரையில நிறுத்துங்க. பக்கவாட்டுல மேல ஒரு போல்ட் இருக்கும், அது எண்ணெய் ஊத்துறது. அடியில இருக்கிறது வடிக்கிறது. மேல இருக்கிறது கழண்டா மட்டுந்தான் கீழ இருக்கிறதத் தொடணும். கீழ வடிச்சிட்டு மேல தெறக்கலன்னா, வண்டி அந்த எடத்துலயே நிக்க வேண்டியதுதான்."

மார்ச் 9, ஞாயிறு

எதில் தொடங்குவது.

உயரமான வண்டி. சாக்கை விரித்து மல்லாக்க ஊர்ந்து உள்ளே போனேன். மேல் போல்ட்டைத் தேடிப் பிடித்து டார்ச் அடித்தேன். ஆறு முனையும் மழுங்கிப்போய், சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி இருந்தது. எந்த ஸ்பேனரும் நிற்கவில்லை. யாரோ தப்பான ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"போல்ட் மழுங்கிக் கெடக்குதே. போன வருஷம் எப்படிக் கழட்டினீங்க?"

இவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது எனக்கு.

"கழட்டல," என்றார். "பதினேழா பத்தொன்பதான்னு ஸ்பேனர்ல இருந்த நம்பர் தெரியல. ஏதோ ஒண்ணப் போட்டுத் திருப்பினேன். வழுக்கிடுச்சு."

"இருட்டிலயா பாத்தீங்க?"

"பகல்லதான்."

வெளியே ஊர்ந்து வந்தேன். கை, முடியெல்லாம் கரி.

"அப்ப முட்டி வலி?"

"முட்டியும் வலிக்கும்."

கண். இரண்டு வருஷமாக. நடுவில் புகை மாதிரி, ஓரத்தில் மட்டும்தான் தெரியுதாம். அந்தக் கண்ணோட மூணு உயிரை ஏத்திக்கிட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்காரு. மாத்தாத எண்ணெய மாத்தினேன்னு எழுதி வெச்சிட்டு, கரகரன்னு கத்துறப்பல்லாம் என்னைத் திட்டினாரே — எனக்கே என் கால் மேல சந்தேகம் வந்துடுச்சே! கத்தியிருக்கணும். கத்தத் தெம்பில்ல. கையைக் கழுவிட்டுப் போய்ப் படுத்துட்டேன்.

மார்ச் 10, திங்கள்

சாப்பாடு வைத்தேன். சாப்பிட்டார்.

மார்ச் 12, புதன்

போல்ட் சங்கதியைச் சொன்னதும் மெக்கானிக் இன்றே கொண்டுவரச் சொன்னார். இரும்புக் குழல் ஒன்றை அந்தப் போல்ட் மேல் சுத்தியலால் அறைந்து இறுக்கி, நீளமான கம்பியைக் கொடுத்துத் திருப்பினார். ஒரு சின்னக் கிறீச். கழன்றது. அப்புறம்தான் கீழே திறந்தார். தார் மாதிரி வடிந்தது. கீழ்ப் போல்ட்டின் காந்த முனையில் இரும்புத் தூள் சேறாக அப்பியிருந்தது. பல் உடைந்த துண்டு ஏதும் இல்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார். புது போல்ட், புது வாஷர். மேல் ஓட்டை வழியாகத் தானே வழிகிற வரை புது எண்ணெய்.

இவர் வந்திருந்தார். சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, வண்டி கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். ம் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. நான்கு மணி நேரம் பெஞ்சில். இடது கண்ணில் போனது போனதுதானாம். வலது கண்ணில் இருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். முன்பே வந்திருந்தால் என்று தொடங்கினார். மேலே கேட்க எனக்கு மனசில்லை.

மார்ச் 15, சனி

மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இவர் பின்பக்கம் திரும்பினார். நான் சொல்லச் சொல்லவில்லை. அவளிடம் வண்டியைக் கொடுக்குமுன் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கண் சரியாகத் தெரியாமல்தான் உங்களை ஏற்றிப் போனேன், கியர் கத்தியதும் என் தப்பு, அவள் தப்பில்லை என்றார்.

தையல்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார், இப்போதுதான் ஆபத்து என்பது போல.

டீச்சர் சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி. அப்பல்லாம் நான் முன் சீட்டுல உக்காந்து, சிக்னல் செவப்பு, குறுக்க ஆள் வருதுன்னு பேசிக்கிட்டே வந்தேனே. சும்மா தொணதொணக்குறேன்னா நெனச்ச?"

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன்.

"சொன்னா வண்டி நின்னிருக்கும்மா. வேற யார் வர்றா எங்களுக்கு?" பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "தப்புதான்," என்றார்.

ஆக, கூடவே குடித்தனம் நடத்தின எனக்குத்தான் தெரியவில்லை.

மேட்டில் இரண்டாம் கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. அதைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு அலுப்பு.

டயாலிசிஸ் வாசலில் அவர்களை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்தால், இவர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காத்திருக்கும் அறைக்கு நான்கு படி. வாசலில் கூட்டம். எல்லோர் கண்ணெதிரிலேயே கையை நீட்டினார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நன்றாக அழுத்தி.

"எத்தன படி?" என்று கேட்டார்.

சொன்னேன்.