லைன் நகராத மதியம்

மாமு,

மகளின் வீட்டுப்பாட நோட்டில் இன்று ‘லைன்’ என்ற சொல் வந்திருக்கிறது. எத்தனை பொருள் உண்டோ அத்தனையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். கோடு, பாட்டின் வரி என்று இரண்டு எழுதிவிட்டு மீதியை என்னிடம் கேட்டாள். நீ இருந்திருந்தால் ஒரு பக்கம் நிரப்பியிருப்பாய்.

ட்ரெய்லர் ஓட்டும் பிழைப்பு உனக்கு லைன். இந்த லைனுக்கு வந்து பேஜாராகிவிட்டது என்று புலம்பிக்கொண்டே இருபது வருடம் ஓட்டினாய். ராயபுரத்தில் நீ குடியிருந்தது லைன் வீடு. போன் கிடைக்காவிட்டாலும், கரண்ட் போனாலும் லைன் இல்லை என்பாய். கல்யாணத்துக்கு முன்னால் இவள் அம்மாவுக்காக நான் பஸ் ஸ்டாப்பில் காத்துக் கிடந்ததற்கும் அதே பெயர்தான் வைத்தாய். அதை நோட்டில் எழுதவா முடியும்?

ஆனால் நாம் அதிகம் சொன்னது, துறைமுக கேட்டுக்கு முன்னால் கண்டெய்னர் வண்டிகள் நிற்கும் வரிசையைத்தான். அங்கே நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் நிற்பவன் தூங்கினால் லைன் நகரும்வரை எழுப்பக்கூடாது. நகர்ந்ததும் பின்னால் நிற்பவன் போய்க் கதவைத் தட்டவேண்டும். நமக்குத் தூக்கம் கிடைப்பதே அங்கேதான்.

அன்று மதியம் திருவொற்றியூர் தாண்டி, உன் வண்டிக்குப் பின்னால் என் வண்டி. டீ குடிக்கும்போது நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாய்.

“இன்னான்னு தெர்ல மாமு, ஒரு மாரியா கீது. கொஞ்சம் படுக்கறேன். லைன் நவுந்தா எயுப்பு.”

எல்லாம் காலையில் தின்ற பஜ்ஜி என்று சிரித்தேன்.

மூன்று மணி நேரம் லைன் நகரவில்லை. இரண்டு முறை உன் கதவுவரை வந்தேன். தூங்கட்டும் என்று திரும்பிவிட்டேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கடைசியில் நகர்ந்தபோது ஹாரன் அடித்தேன், ஏறிக் கதவைத் தட்டினேன், உள்ளே போய்த் தொட்டேன். உன் கை சில்லிட்டிருந்தது.

முன்பே எழுப்பியிருந்தாலும் அந்த நெரிசலில் ஆம்புலன்ஸ் எப்படி வந்திருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அதில் ஆறுதல் இல்லை.

மகளுக்கு ‘வரிசை’ என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

நான் இன்னும் அதே லைனில்தான் நிற்கிறேன். முன்னால் நிற்பவன் யாராக இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தரம் இறங்கிப்போய்க் கதவைத் தட்டுகிறேன். நேற்று ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

“அறிவு கீதா உனுக்கு? லைன் நவுரவே இல்ல, எதுக்கு எயுப்புற?”

அவன் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் என் வண்டிக்குத் திரும்பினேன்.